போன வருஷத்து அரிசி

சேசு மரி சூசை துணை

ஆயர் ஈத்தாம், பினாங்கு
1931 பிப்ரவரி 2, மெழுகுதிரித் திருநாள்

அன்புள்ள தம்பி சவரிராயனுக்கு,

ஆறு மாதமாக உன்னை நலமா என்று கேட்காத அக்காள் இன்று கேட்டால் நீ சிரிப்பாய். ஆகையால் கேட்கவில்லை. சிங்கப்பூர் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டால் சரி.

காலையில் உன் அத்தானிடம் சொல்லிவிட்டேன். "சவரிக்கு ஒரு கடுதாசி எழுதப் போறேன்." அவர் செருப்பைத் தேடிக்கொண்டே, "டிராம் போயிடும்" என்று சொல்லிவிட்டுக் கிட்டங்கிக் கணக்கு வேலைக்குப் புறப்பட்டுவிட்டார். எழுதாதே என்று சொல்லவில்லை. அது போதும் எனக்கு.

போன ஆகஸ்டில் உன் கம்பெனிக் கடிதம் வந்ததே, உன் அத்தான் தொம்மை கிராணியின் ஆயுளை இன்ஷுரன்ஸ் எடுக்க முடியாது, உயரத்துக்கு மிஞ்சிய எடை, இடுப்புச் சுற்றும் அதிகம் என்று. மகள் டோரதிதான் வாசித்துச் சொன்னாள். கடைசியில் டைப் அடித்தவரின் பெயரெழுத்து சின்னதாக இருந்தது. உன் எழுத்து. உன் அத்தான் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிழித்தார். "இந்த வீட்டுச் சோத்துல வளர்ந்தவன், என் சோத்தை நிறுக்க வந்துட்டானா?" என்றார். அன்றைக்குப் பிறகு உன் பேச்சை வீட்டில் எடுக்க விடவில்லை.

எனக்கும் கோபம்தான் தம்பி. நம்முடைய அந்தோனியார் சிற்றாலயத்தில் திருநாள் தராசு கட்டிய வருஷம் முதல் இருபத்திரண்டு வருஷமாக நிறுவைப் புத்தகம் எழுதுகிறவள் நான். யார் ஏறி உட்கார்ந்தார்கள், என்ன வயது, எடை எத்தனை கட்டி, எல்லாம் என் கையெழுத்து. ஒரு பலகையில் ஆள் உட்கார, மறு பலகையில் போன வருஷத்து எடைக்குச் சமமான அரிசியை முதலில் கொட்டுவோம். ஆள் பலகை தாழ்ந்தால் சனங்கள் சந்தோஷப்படுவார்கள். பிறகு சமமாகும் வரை அரிசி சேர்த்து, அத்தனையையும் ஏழைகளுக்குப் பொங்கிப் போடுவோம். பலகை தாழ்வது வரம் என்றுதான் நாங்கள் கண்டோம்.

1928இல் டைபாய்டு காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தபோது உன் அத்தான் 98 கட்டி. பலகையில் உட்கார வைத்துவிட்டு எல்லாரும் அழுதோம். அடுத்த வருஷம் 124. போன வருஷம் 143. முந்தாநாள் ஷேக் அலாவுதீன் அரிசிக்கடையில் விளையாட்டாக ஏறி நின்றார். 152. நூறு கட்டி ஒரு பிக்குல் என்றால், ஒன்றரைப் பிக்குலுக்கு மேல்!

இதெல்லாம் டோரதியின் நேர்ச்சை. அவள் அப்போது பதினாறு வயதுப் பிள்ளை. தகப்பன் தலைமாட்டில் முழந்தாளிட்டு, "அப்பா எடை வருஷா வருஷம் குறையாமல் இருக்கும் வரைக்கும் என் மதியச் சோறு உமக்கு" என்று அந்தோனியாருக்கு வாக்குக் கொடுத்தாள். அன்று முதல் மதியம் அவள் இலை போட்டதில்லை. அந்தப் பங்கு வீணாகக்கூடாதென்று நான்தான் அவர் கிட்டங்கிக்குக் கொண்டுபோகும் அடுக்குச்சட்டியில் சேர்த்து வைக்கிறேன்.

நாங்கள் கேட்டு வாங்கிய வரத்தை உன் கம்பெனி குறை என்கிறது. எது சரி? மறைக்காமல் எழுது.

அக்காள்
பிரகாசி


சிங்கப்பூர்
20.2.1931

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் சாப்பாட்டு நேரம் வரைக்கும் மேசையில் வைத்துக்கொண்டிருந்தேன். திட்டி எழுதியிருப்பீர்கள் என்று பயம். திட்டித்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் பசி எடுத்தது.

அந்தக் கடிதத்தை நான் டைப் அடித்தேன். முடிவு சொன்னது நானில்லை. எங்கள் டாக்டர் ஒரு பட்டியலைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். அத்தான் என் பெயரெழுத்தைத் தொட்டுப் பார்த்தார் என்று நீங்கள் எழுதாமல் இருந்திருக்கலாம்.

அந்தப் பட்டியலைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். சொல்கிறேன். அமெரிக்காவில் பல கம்பெனிகள் சேர்ந்து, தங்களிடம் ஆயுள் எழுதிய பல லட்சம் பேருடைய உயரம், எடை, வயது, செத்தார்களா இருக்கிறார்களா என்பதையெல்லாம் ஒன்றாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நான் முதல் தடவை பார்த்தபோது ஒல்லியானவன் நெடுநாள் இருப்பான், இல்லாவிட்டால் பருத்தவன் இருப்பான், இரண்டில் ஒன்றுதானே வரும் என்று நினைத்தேன். அக்கா, இரண்டும் வந்தது. இருபது வயதுக்காரர்களில், சராசரிக்குச் சற்றுக் கூடுதலாக உடம்பு போட்டவர்கள் நிலைத்தார்கள். இளைத்தவர்கள் உதிர்ந்தார்கள், அதிலும் காசம் என்கிற நெஞ்சு நோயில். முப்பத்தைந்தை ஒட்டி அந்தக் கணக்கு மெல்லத் திரும்புகிறது. ஐம்பதில் தலைகீழ். அங்கே சராசரிக்குச் சற்றுக் குறைந்தவர்கள் நிலைக்கிறார்கள். பருத்தவர்கள் இருதயத்திலும் நீரிழிவிலும் போகிறார்கள்.

ஒரே சதைதான். இருபதில் அது மதில், ஐம்பதில் அது மூட்டை. இதை எந்த மனிதனும் உத்தரவு போட்டு வைக்கவில்லையே என்று நினைத்தபோது பைல் அலமாரிக்கு முன்னால் என் தொப்பியைக் கழற்றினேன். பக்கத்து மேசைக்காரன் யாரோ வெள்ளைக்காரத் துரை வந்துவிட்டான் என்று எழுந்து நின்றான்.

அத்தான் உயரத்துக்கும் ஐம்பது வயதுக்கும் அந்தத் தாள் சொல்வது ஏறக்குறைய 110 கட்டி. நீங்கள் எல்லாரும் அழுத 98, இப்போது சந்தோஷப்படும் 152ஐவிட அதற்குப் பக்கம். ஆனால் இது கும்பலின் கணக்கு. தனி ஆளுக்கு இது சோதிடம் இல்லை. 160 கட்டியோடு எண்பது வரை இருந்தவனும் அந்தத் தாளில் உண்டு.

ஒன்று கேட்கவேண்டும். எல்லார் எடையும் எழுதினீர்கள். டோரதி எத்தனை கட்டி?

தம்பி
சவரிராயன்


சேசு மரி சூசை துணை

ஆயர் ஈத்தாம்
1931 ஏப்ரல் 8, பாஸ்கு வாரம்

தம்பி,

இவ்வளவு நாள் பதில் எழுதாததற்குக் காரணம் உன் கடைசி வரி.

என் புத்தகத்தில் முந்நூற்றுப் பதினெட்டுப் பெயர் இருக்கிறது. என் மகள் பெயர் இல்லை. அவள் தனக்கென்று எதையும் நேர்ந்துகொள்ளாததால் பலகையில் ஏறியதே இல்லை. நான் பக்கத்திலேயே பேனாவோடு உட்கார்ந்திருந்தேன், அவள் அரிசி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

உன் கடிதம் வந்த மறுநாளே அவளை அலாவுதீன் கடைக்குக் கூட்டிப் போனேன். "என்னக்கா, அரிசி வாங்க வந்தீங்களா, பொண்ணை விக்க வந்தீங்களா?" என்றார். "நிறுங்க பாய்" என்றேன். பெரிய படிக்கல்லை எடுத்துவிட்டுச் சின்னதை வைத்தார். அதையும் எடுத்துவிட்டு அதைவிடச் சின்னது. அவர் முகத்தில் விளையாட்டுப் போய்விட்டது. "அறுபத்தொண்ணுக்கா. அரை மூட்டைகூட இல்லையே லா." டோரதி சிரித்தாள். சிரித்து முடிக்கும்போது இருமினாள். அந்த இருமல் தபசுகாலம் தொடங்கியதிலிருந்து இருக்கிறது. தெருப் புழுதி என்று நினைத்திருந்தேன்.

பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணி வழிபாடு முடிந்து வந்து புத்தகத்தைப் பிரித்தேன். அமெரிக்காக்காரனுக்கு அமெரிக்காக் கணக்கு, இங்கே வேறாக இருக்கட்டும் என்ற நப்பாசை. இறந்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், பாதிப்பேர் அடக்கத்துக்கு நானே போனவள். பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் சிலுவை போட்டுக்கொண்டே வந்தேன். பிறகு ஆண் தனி, பெண் தனி, சிறு வயது தனி, பெரிய வயது தனியாக முறத்தில் கோடு கிழித்து, இருக்கிறவருக்குப் பச்சைப்பயறு, போனவருக்குப் புளியங்கொட்டை வைத்தேன்.

சவரி, என்னத்தைச் சொல்வேன். முப்பதுக்கு உட்பட்ட பெண்களில் எழுபது கட்டிக்குக் குறைந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். அந்தக் கட்டத்தில் பதின்மூன்று புளியங்கொட்டை. அதே வயதில் நல்ல தேகமுள்ளவர்கள் நாற்பத்தொரு பேர், அங்கே நான்குதான். நாற்பத்தைந்து தாண்டிய ஆண்கள் பக்கம் முறத்தைத் திருப்பினேன். 130க்கு மேற்பட்டவர் கட்டத்தில் பயறு தெரியவில்லை, அத்தனை கறுப்பு. இளைத்த கிழவர்கள் எல்லாம் பச்சையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நம் கோயில்பிள்ளை 88 கட்டி, எழுபத்தொன்பது வயது, இன்னும் மணிக்கூண்டு ஏறுகிறார்!

பத்தாயிரம் மைலுக்கு அப்பால் முகம் தெரியாதவர்கள் எண்ணியதும், ஆயர் ஈத்தாமில் நான் முறத்தில் எண்ணியதும் ஒரே மாதிரி வளைந்தது. இருபத்திரண்டு வருஷமாக நான் அரிசிக் கணக்கு எழுதுகிறேன் என்று நினைத்தேன். அதற்குள் இது இருந்திருக்கிறது, நான் திறந்து பார்க்கும் வரை காத்துக்கொண்டு. முறத்துக்கு முன்னால் சிலுவை அடையாளம் போட்டேன். பயத்திலா பக்தியிலா, எனக்கே தெரியவில்லை.

ஒரு சந்தேகம். ரோசலின் என்று ஒரு பெண், மூன்று திருநாள் ஏறினாள். 78, 72, 65. நாலாம் வருஷம் இல்லை. அவள் இளைத்ததால் நோய் வந்ததா, நோய் உள்ளே இருந்ததால் இளைத்தாளா? முதல் என்றால் சோறு போட்டுக் காப்பாற்றலாம். இரண்டாவது என்றால் என் பிள்ளைக்கு ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா? உன் பட்டியல்காரர்களுக்கு இது தெரியுமா?

டோரதியிடம் சாப்பிடச் சொல்லி மன்றாடினேன். "வாக்குக் கொடுத்தாச்சும்மா. நான் சாப்பிட்டு அப்பாவுக்கு ஏதாவது ஆனா?" என்கிறாள். என் கையாலேயே அவள் பங்கை எடுத்து அவர் அடுக்குச்சட்டியில் போட்டேன், சவரி. ஒரு கையால் இரண்டு பேருக்கும்.

அத்தானுக்கு இன்னும் தெரியாது. என்ன செய்ய?

பிரகாசி


சிங்கப்பூர்
14.4.1931

அக்கா,

உடனே அவளை டாக்டரிடம் கொண்டுபோய் நெஞ்சைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை முழுக்க வாசிக்கும் முன்பே போனாலும் சரி.

உங்கள் சந்தேகத்தை எங்கள் டாக்டருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதைக் கேட்டது எந்தக் காலேஜ்?" என்றார். "பினாங்கில் என் அக்கா, பச்சைப்பயறு வைத்து எண்ணினாள்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கம்பெனிகளும் இதையேதான் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிறார்களாம். இரண்டும் கலந்திருக்கும், எது எவ்வளவு என்று பிரிக்க இன்னும் யாருக்கும் தெரியாது என்றார். ஆனால் எதுவாயிருந்தாலும் அந்தப் பெண்ணுக்குச் சாப்பாடு போடச் சொல், அதில் சந்தேகமே இல்லை என்றார்.

நேர்ச்சையைப் பங்குச் சாமியாரிடம் சொல்லுங்கள். மாற்றித்தர அவருக்கு வழி இருக்கும்.

அத்தானிடம் நீங்களே சொல்லுங்கள். நான் எழுதினால் மறுபடியும் கம்பெனி பேசுகிறது என்பார். அவரைப் பயமுறுத்த வேண்டாம், டோரதியை மட்டும் சொல்லுங்கள். என்னைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடம் கொண்டுபோன மனிதர். பிள்ளைக்கு என்றால் கேட்பார்.

சவரி


சேசு மரி சூசை துணை

ஆயர் ஈத்தாம்
1931 ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

திருநாள் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. இன்றுதான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

டாக்டர் பார்த்தார். நெஞ்சில் இன்னும் ஒன்றும் குடியேறவில்லை, ஆனால் கதவு திறந்து கிடக்கிறது, சோறும் பாலும் முட்டையும் போட்டு மூடுங்கள் என்றார். சாமியார், "ஆயரிடம் உத்தரவு வாங்கி மாற்றித் தருகிறேன். ஆனால் நேர்ந்தவளே வந்து கேட்க வேண்டும், நீ கேட்டுச் செல்லாது" என்றார். டோரதி கேட்கமாட்டேன் என்றாள். இருமிக்கொண்டே சொன்னாள்.

அன்று மாலை உன் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியல், முறம், அறுபத்தொன்று, அவருடைய அடுக்குச்சட்டியில் இருந்தது யார் சோறு என்பது உள்பட. அது அவருக்கு அதுவரை தெரியாது தம்பி. பிள்ளை ஒருசந்தி இருக்கிறாள் என்று தெரியும், அந்தச் சோறுதான் தன்னிடம் வருகிறது என்று தெரியாது. கை கழுவப் போனவர் வெகு நேரம் கழுவினார்.

அதற்குப் பிறகு வீட்டில் அவர் முகம் வேறாக இருந்தது. சட்டை தொளதொளவென்று ஆனது. கேட்டால், "வெயில்" என்பார். ஒரு பக்கம் பிள்ளை, இப்போது இவருக்கும் ஏதோ உள்ளே தின்கிறது என்று தினம் இரண்டு செபமாலை சொன்னேன்.

சனிக்கிழமை திருநாள். பூசைக்குப் பிறகு தராசு கட்டினார்கள். கயிறு கட்டுகிறவன் வழக்கம்போல மாட்டுவண்டிப் பக்கிரிசாமி. அவன் நம் வேதமில்லை என்றாலும் வருஷம் தவறாமல் வருவான். "கிராணி அண்ணே, புதுக் கயிறு போட்டிருக்கேன், உங்களுக்காகத்தான். தைரியமா உக்காருங்க லா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எதிர்ப் பலகையில் போன வருஷத்து அரிசி 143 கட்டியைக் கொட்டினோம். டோரதிதான் கடைசிக் கூடையைச் சாய்த்தாள். தராசைச் சமமாகப் பிடித்திருந்தவர்கள், உன் அத்தான் உட்கார்ந்ததும் கையை விட்டார்கள்.

பலகை தாழவில்லை.

மெல்ல மேலே வந்தது. அவர் கால் தரையைவிட்டு எழும்பி, அப்படியே தொங்கிக்கொண்டு நின்றது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ ஒரு பெண், "ஐயோ அந்தோனியாரே" என்றாள். பக்கிரிசாமிக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. "என்னண்ணே, வீட்ல சோறு போடலையா?" என்றான். அரிசியை அள்ளி எடுக்க எடுக்க, மூன்று கட்டி எடுத்த பிறகுதான் முள் நேராயிற்று. 140.

டோரதி கூடையைக் கீழே போட்டுவிட்டாள். தகப்பன் பலகையில் இருந்தபடியே அவளைக் கூப்பிட்டார்.

"டோரா, என்னன்னு நேர்ந்துகிட்ட? சத்தமா சொல்லு."

"அப்பா எடை வருஷா வருஷம் குறையாம இருக்கிற வரைக்கும்..."

"குறைஞ்சுதா இல்லையா?"

"குறைஞ்சிடுச்சுப்பா."

"அப்ப உன் நேர்ச்சை முடிஞ்சுது. சாமி, முடிஞ்சுதா இல்லையா?"

சாமியார் என்னைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முடிந்தது" என்றார்.

டோரதி விம்மினாள். "அந்தோனியாரை ஏமாத்திட்டீங்களாப்பா?"

"ஏமாத்தலைம்மா. நடந்தேன்."

எட்டு வாரம், தம்பி. நான் அவர் டிராமில் போகிறார் என்று நினைத்தேன். இங்கிருந்து கடற்கரைக் கிட்டங்கி வரைக்கும் காலையில் நடந்து, மாலையில் நடந்து. அடுக்குச்சட்டியை அங்கே மூட்டை தூக்குகிறவர்களுக்கு வைத்துவிட்டு, ஒரு வாழைப்பழமும் தண்ணீரும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அலாவுதீன் கடையில் ஏறி நின்று பார்த்திருக்கிறார். வாயைத் திறக்கக்கூடாதென்று பாயிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். போன வாரம் 142. அது போதாதோ, கயிறு பொய் சொல்லுமோ என்று பயந்து கடைசி மூன்று நாள் பழத்தையும் விட்டிருக்கிறார்.

பலகை தாழ்ந்தால் வரம் என்று இருபத்திரண்டு வருஷம் எழுதினேன். அது எழும்பியதைப் பார்த்து என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்தோனியார் இரண்டு பலகையிலும் இருக்கிறார் தம்பி.

மதியம் டோரதிக்கு இலை போட்டேன், மூன்று வருஷத்துக்குப் பிறகு. பாதிதான் இறங்கியது அவளுக்கு. மீதியைப் பார்த்து அத்தானுடைய கை பழக்கத்தில் தானாக நீண்டது. நடுவழியில் நின்றது. அந்தக் கையால் மோர்க் கிண்ணத்தை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

பிரகாசி


சிங்கப்பூர்
2.7.1931

அக்கா,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் வாசிக்கத் தொடங்கி, படிக்கட்டுக்குப் போய் முடித்தேன்.

ஒன்றை உங்களிடம் மறைத்திருந்தேன். அத்தானுக்கான அந்த மறுப்பைத் தபாலில் போடும் முன் நானே தனியாக ஒரு கடிதம் எழுதி விளக்கியிருக்கலாம். பிறகு எழுதலாம், ஒரு வாரம் போகட்டும் என்று தள்ளினேன். பயம். என்னை வளர்த்தவருக்கு நான் அனுப்பிய முதல் கடிதம் அதுவாகிவிட்டது.

டாக்டரிடம் தராசு கதையைச் சொன்னேன். "உன் அத்தான் எட்டு வாரத்தில் அவ்வளவு இறக்கியது அதிகம், இனி மெதுவாகப் போகச் சொல், பட்டினி கிடந்து அல்ல" என்றார். பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, இருபது வருஷமாக அந்தப் பட்டியலைப் பார்க்கிறேன், அதற்காக யாரும் நடந்ததைக் கேட்டதில்லை என்றார்.

பட்டியல் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை அக்கா. நாளைக்கே எதுவும் நடக்கலாம். ஆனாலும் அப்பா ஒரு பக்கம் இறங்குவதும் மகள் ஒரு பக்கம் ஏறுவதும் ஒரே சமையல்கட்டில் நடக்கிறது என்று நினைத்தால், எனக்கு மறுபடியும் தொப்பியைக் கழற்றத் தோன்றுகிறது.

அத்தானிடம் என்ன சொல்லச் சொல்வது என்று தெரியவில்லை. ஒன்றும் சொல்ல வேண்டாம்.

சவரி


சேசு மரி சூசை துணை

ஆயர் ஈத்தாம்
1932 மே 16

அன்புள்ள தம்பி சவரிராயனுக்கு,

டோரதி 79 கட்டி. இருமல் போய்விட்டது. போன வாரம் டாக்டர் முதுகில் தட்டிப் பார்த்து, கதவு சாத்தியாயிற்று என்றார். அலாவுதீன் பாய் படிக்கல்லை மாற்றி மாற்றி வைத்து அலுத்துக்கொண்டார். "போதும்க்கா, இனிமே இந்தப் பொண்ணை மூட்டைத் தராசுலதான் ஏத்தணும்." அவளுக்கு வெட்கம், எனக்குக் கண்ணில் தண்ணீர்.

அத்தான் 128. நடப்பதை விடவில்லை. உன் டாக்டர் சொன்னபடி மதியம் அளவாகச் சாப்பிடுகிறார். பழைய சட்டைகளை நான் பிடித்துத் தைத்துவிட்டேன்.

நிறுவைப் புத்தகத்தில் ஒன்று மாற்றினேன். பலகை தாழ்ந்ததா என்று ஒரு கட்டம் இருந்தது. அதை எடுத்துவிட்டு, வயதைப் பெரிதாக எழுத இடம் வைத்தேன். இருபதுக்காரி ஏறியிருந்தால் சந்தோஷம் என்றும், ஐம்பதுக்காரர் இறங்கியிருந்தால் சந்தோஷம் என்றும் சனங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பக்கிரிசாமிக்கு மட்டும் புரியவில்லை. "ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கக்கா" என்கிறான். இரண்டும்தான் என்றேன்.

நேற்று சாப்பிடும்போது உன் அத்தான் தானாகவே கேட்டார்.

"சவரிக்கு இப்ப என்ன வயசு?"

"முப்பத்தஞ்சு முடியுது."

"அந்தத் தாள் திரும்புற வயசுதானே அது?" உன் பட்டியலை அவர் மறக்கவில்லை. மோரைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். "ஒண்டியா இருக்கான், என்னத்தைத் திங்கிறானோ. திருநாளுக்கு வரச் சொல்லு. ஏறி உக்காரட்டும். நான் நிறுக்கிறேன் அவனை."

சிரிக்காமல்தான் சொன்னார். ஆனால் எழுந்து போகும்போது, சிங்கப்பூர் ரயில் அக்கரையில் பிறை ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று டோரதியிடம் விசாரித்தார்.

இந்த வருஷத்துப் பக்கத்தில் முதல் வரி எழுதிவிட்டேன்: சவரிராயன், வயது 35, சிங்கப்பூர். உனக்குப் போன வருஷத்து அரிசி கிடையாது, ஒரு மணியிலிருந்து தொடங்குவோம். கட்டி என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அக்காள்
பிரகாசி